பால் பொங்காத அடுப்பு

வீட்டுக்கு எந்த ஸ்மார்ட் சாமான் வேண்டும், எது வேண்டாம் என்று என்னைக் கேட்டால் நான் சரியாகத்தான் சொல்வேன். என் துயரமே அதுதான். தப்பாகப் பொறுக்கி மாட்டிக்கொண்டவர்களுக்கு அடுத்த முறை திருந்திக்கொள்ள ஒரு வழி இருக்கிறது. நான் சரியாகப் பொறுக்கி மாட்டிக்கொண்டவன். எனக்குத் திருந்தக்கூட இடமில்லை.

(இதை எழுதிக்கொண்டிருந்தபோது எட்டிப் பார்த்த என் மனைவி பரிமளா, "ஆரம்பமே பெருமையா?" என்று கேட்டுவிட்டுப் போனாள். பெருமை இல்லை அம்மா, புலம்பல். எனக்கு இரண்டும் ஒரே குரலில்தான் வரும்.)

நான் பத்தாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு லேத் பட்டறையில் சேர்ந்து, மெஷினைப் பார்த்துப் பார்த்தே தொழிலைக் கற்று, இன்று ஒரு பம்ப் கம்பெனியில் சூப்பர்வைசர். புத்தகத்தில் விட்டதையெல்லாம் மனிதர்களின் வாயிலிருந்துதான் பிடித்தேன். யாராவது நறுக்கென்று ஒன்று சொல்லிவிட்டால் அது எனக்குள் ஒட்டிக்கொள்ளும். ஒரு நாள் அளவு தப்பாகக் கடைந்துவிட்டு மெஷின் மேல் பழியைப் போட்டேன். எங்கள் ஃபோர்மேன் அப்போது, "மெஷின் பொய் சொல்லாது நைனா. பக்கத்துல நிக்கறவன்தான் சொல்வான்" என்றார். இருபத்தைந்து வருடமாக இந்த வாக்கியத்தை நான் ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அது என்னைப் பற்றித்தான் என்று புரிவதற்கு ஒரு கிரகப்பிரவேசம் தேவைப்பட்டது.

பதினான்கு வருடம் அம்பத்தூரில் வாடகைக்கு இருந்துவிட்டு, திருமுல்லைவாயிலில் ஒரு ஃப்ளாட் வாங்கினோம். மூன்றாவது மாடி. பால்கனியில் நின்று கழுத்தை நன்றாக வளைத்தால் ரயில் தெரியும். சொந்த வீடு என்று ஆனதும் எல்லாருக்கும் வருகிற ஜுரம் எனக்கும் வந்தது. ஆனால் மற்றவர்களைப் போல நிறம் மாறும் பல்பு, தானாக நகரும் திரைச்சீலை என்று அலையக் கூடாது என்று உறுதியாக இருந்தேன். கம்பெனி கேன்டீனில் இதைப் பற்றி நான் பேசாத நாள் இல்லை. "கடையில என்ன இருக்குன்னு பார்க்காதீங்க. உங்க வீட்ல எது தினமும் படுத்துதுன்னு பாருங்க. அதுக்கு மட்டும் வாங்குங்க" என்பேன். மூன்று பேர் இதைக் குறித்துக்கொள்ளவே செய்தார்கள். அந்த மூன்று பேரும் இந்தக் கதையில் பிறகு சாட்சிகளாக வருவார்கள்.

சொன்னதைச் செய்தும் காட்டினேன். ஒரு மாதம் ஒரு நோட்டுப் புத்தகம் வைத்து, வீட்டில் என்னென்ன எரிச்சல் வருகிறது என்று எழுதினேன். பரிமளா அதைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "நீங்க ஈரத் துண்டைக் கட்டில் மேல போடறது எங்க?" என்று கேட்டாள். அதற்கு இன்னும் சாதனம் வரவில்லை என்றேன்.

மாதக் கடைசியில் நோட்டு ஒரே ஒரு விஷயத்தைத்தான் திரும்பத் திரும்பச் சொன்னது. பால். ஒரு மாதத்தில் பதினோரு முறை பொங்கி வழிந்திருந்தது. பாலை வைத்துவிட்டு அவள் தண்ணீர் லாரிக்குக் குடம் எடுத்துக்கொண்டு ஓடுவாள். "பார்த்துக்கங்க" என்று என்னிடம் சொல்லிவிட்டுத்தான் ஓடுவாள். நானும் பார்த்துக்கொண்டுதான் இருப்பேன், போனை. அடுப்பு, மேடை, தரை, அப்புறம் எங்கள் இருவரின் முகம் என்று எல்லாம் கருகிப் போயிருக்கும். பதினோரு காலைகள் சண்டையில் தொடங்கியிருந்தன.

ஆகவே நான் வாங்கியது ஒரு ஸ்மார்ட் இன்டக்‌ஷன் அடுப்பு. அதற்கு ஒரு கண் உண்டு. மேடைக்குப் பின்னால் சின்னத் தூண் மாதிரி நின்றுகொண்டு பாத்திரத்தையே பார்க்கும். நுரை விளிம்புக்கு ஒரு விரல் கீழே வந்ததும் ‘டிக்’. சூடு நின்றுவிடும். பால் மரியாதையாக உள்ளே இறங்கிவிடும். அதன் பிறகு மூன்று முறை பீப். வாடகை வீட்டிலேயே மூன்று மாதம் ஓட்டிப் பார்த்தேன். ஒரு சொட்டு வழியவில்லை. காலைச் சண்டை நின்றது. பரிமளா பாலை வைத்துவிட்டு நிம்மதியாகத் தலை பின்னிக்கொண்டாள். அக்கம்பக்கத்தாரை உட்கார வைத்து, பால் ஏறுவதையும் இறங்குவதையும் காட்டினேன். யாரும் தெரியாமல் எதையாவது அமுக்கிவிடக் கூடாது என்று (யாரும் என்றால் பரிமளா) அந்தக் காவலை என் போனில் இருந்த ஆப்பில் பூட்டியும் வைத்தேன். அடுப்போடு, வைஃபை இல்லாமலே வேலை செய்யும் ஒரு பேசும் ஸ்பீக்கர் இலவசமாக வந்தது. அதற்கும் ஒரு வேலை யோசித்து வைத்தேன்.

அன்றாட வாழ்க்கைக்கு இதைவிடப் பொருத்தமான சாமானை இன்றுவரை நான் பார்க்கவில்லை. வருடத்தில் எல்லா நாளுக்கும் அது பொருந்தும். வாழ்க்கையில் ஒரே ஒரு நாளுக்குத்தான் பொருந்தாது.

புது வீட்டுக்கு அடுப்பைக் கொண்டுபோன அன்று வாட்ச்மேனின் மனைவி செல்வி கூடவே மேலே வந்தாள். அவர்கள் கீழே தண்ணீர் சம்ப் பக்கத்தில் ஒரு ஒற்றை அறையில் இருக்கிறார்கள். அடுப்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள்.

"இதுல நெருப்பு எங்க சார் கீது?"

நெருப்பே இல்லாமல் சமைக்கும் என்று ஒரு கால் மணி நேரம் விளக்கினேன். காந்தம், சுருள், மின்சாரம் எல்லாம் வந்தது. பொறுமையாகக் கேட்டுக்கொண்டாள்.

"நெருப்பு இல்லாததுக்கு இன்னாத்துக்கு சார் அடுப்புன்னு பேரு?"

நான் சிரித்தேன். அந்தச் சிரிப்பை நினைத்தால் இப்போதும் எனக்கு என் பல்லைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கிறது.

பரிமளா அன்றே ஒரு வார்த்தை சொன்னாள். பால் காய்ச்சும் நாளுக்கு மட்டும் பழைய கேஸ் அடுப்பையும் சிலிண்டரையும் கொண்டு வந்துவிடலாம் என்றாள். நான் எழுந்து நின்று பதில் சொன்னேன். புது வீட்டில் இனி கேஸ் நாற்றமே கிடையாது, இந்த அடுப்பில் எதுவும் தப்பாகப் போகாது, வேண்டுமானால் எழுதிக் கொடுக்கிறேன் என்றேன். அவள் எழுதி வாங்கவில்லை. அதுதான் அவள் செய்த தவறு.

இனி என் அக்காவைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்தக் கதையே அவளுடையதுதான். நான் நடுவில் அடுப்போடு வந்தவன்.

எங்கள் வழக்கத்தில் புது வீட்டில் பால் காய்ச்சுவது வீட்டுக்காரனின் உடன்பிறந்தவள். எனக்கு ஒரே அக்கா, தனம். கள்ளிக்குப்பத்தில் இருக்கிறாள், எஸ்டேட்டில் ஒரு ஏற்றுமதித் துணிக் கம்பெனியில் சட்டைக் காலர் தைக்கிறாள். ஒன்பது வருடத்துக்கு முன் அவள் வீட்டுக் கிரகப்பிரவேசத்தில், மாமாவுக்குக் கூடப் பிறந்தவள் இல்லாததால் அவளே காய்ச்சிய பால் பொங்காமல் திரிந்துவிட்டது. பால் பாக்கெட்டு பழசு என்பதைத் தவிர அதில் ஒன்றுமில்லை. ஆனால் பூந்தமல்லியில் இருந்து வந்திருந்த எங்கள் பெரியம்மா எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, "அவ கை அப்படி" என்றாள். மூன்று மாதத்தில் மாமா வேலை செய்த கம்பெனியை மூடினார்கள். பெரியம்மா சொன்னதும் கம்பெனி மூடியதும் எப்படியோ ஒன்றாகச் சேர்ந்து அக்காவின் மனதில் உட்கார்ந்துவிட்டன. அதன் பிறகு எந்த விசேஷத்திலும் அவள் முன்னால் நிற்க மாட்டாள். ஆரத்தித் தட்டை நீட்டினால் பக்கத்தில் இருப்பவளிடம் தள்ளிவிடுவாள். பின்கட்டில் பாத்திரம் தேய்க்கும் இடத்தில் போய் நின்றுகொள்வாள்.

அவளை அழைக்க மூன்று முறை கள்ளிக்குப்பம் போனேன். இரண்டு முறை டீ கொடுத்து அனுப்பிவிட்டாள். மூன்றாவது முறை, "வேணாம்டா. வூடு உன்னுது. என் கையால எதுக்கு?" என்றாள்.

நான் அவள் கையைப் பிடித்துக்கொண்டு சொன்னேன்: "என் அடுப்புல பால் திரியாது, கருகாது, ஒண்ணும் ஆகாது அக்கா. நீ பாத்திரத்தை வை, மீதியை மெஷின் பாத்துக்கும். நான் கேரண்டி."

நான் பிடித்திருந்த தன் கையைப் பார்த்தாள். பிறகு, "நெசமாவா?" என்று கேட்டாள். அந்த ஒரு சொல்லுக்காகத்தான் இத்தனையும் எழுதுகிறேன்.

திங்கட்கிழமை காலை. ஏழரைக்கு ராகு காலம் தொடங்குகிறது, ஏழே கால் வரை நல்ல நேரம் என்று ஐயர் குறித்துக் கொடுத்திருந்தார். ஏழரையைத் தாண்டினால் தாண்டினதுதான், நான் ஆவடியில் இன்னொரு வீட்டுக்குப் போகணும் என்றும் எச்சரித்திருந்தார். நாற்பது பேர் வந்திருந்தார்கள். கேன்டீன் சாட்சிகள் மூவரும் குடும்பத்தோடு. பெரியம்மா நாற்காலியைச் சமையலறை வாசலுக்கே இழுத்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

அக்கா அரக்கு நிறப் பட்டுப் புடவையில் வந்தாள். கையில் ஒரு புதுப் பித்தளைப் பானை. ஒரு மாதமாகத் தேடி, புளி போட்டுத் தேய்த்து, கழுத்தில் மஞ்சள் கொத்துக் கட்டிக் கொண்டு வந்திருந்தாள். பித்தளை அந்த அடுப்பில் வேலை செய்யாது. காந்தம் ஒட்டுகிற பாத்திரம்தான் வேண்டும். இதை ஊருக்கெல்லாம் விளக்கிய நான் அக்காவிடம் மட்டும் சொல்லவில்லை.

பானையை வைத்தாள். பட்டனை அழுத்தினேன். அடுப்பு யோசித்துப் பார்த்துவிட்டு, திரையில் ‘பாத்திரம் இல்லை’ என்று எழுதியது. ஒரு மாதம் தேடி வாங்கிய பானை, பளபளவென்று அதன் தலைமேல் உட்கார்ந்திருக்கிறது. பாத்திரம் இல்லையாம்.

"பரவால்லடா, எவர்சில்வர்லயே வைக்கறேன்" என்று சொல்லி, பானையை மேடை ஓரமாக நகர்த்தினாள். அவளே நகர்த்தினாள். நான் செய்ததெல்லாம், பரிமளா அடுப்புக்குச் சந்தனப் பொட்டு வைக்க வந்தபோது, "கண்ணுல வைக்காதே, மறைக்கும்" என்று தடுத்ததுதான்.

பால் ஏறியது. ஓரத்தில் முத்து முத்தாக நுரை, நடுவில் ஆடை மடிந்து எழும்புகிறது. ஐயர் மணியைக் கையில் எடுத்தார். எல்லாரும் ஒரு அடி முன்னால் வந்தார்கள். நான் திட்டமிட்டபடி ஸ்பீக்கரைப் பார்த்து, "கெட்டிமேளம் போடு" என்று கட்டளையிட்டேன். டும்டும் என்று மேளம் வீட்டை அதிர அடித்தது.

டிக்.

பால் இறங்கியது. மேளம் மட்டும் அடித்துக்கொண்டே இருந்தது. அடுப்பு மூன்று முறை பீப் என்றது. ஒவ்வொரு நாளும் அது எங்களுக்குச் சொல்கிற நல்ல சேதி அது.

அந்த நொடியிலேயே எனக்குத் தெரிந்துவிட்டது. மூன்று மாதமாக நான் கூட்டம் கூட்டிக் காட்டிய வித்தையைத்தான் அடுப்பு மறுபடி காட்டியிருந்தது. நான் அங்கே சொல்ல வேண்டியிருந்தது மூன்றே சொல்: "அடுப்போட வேலை அது." ஆனால் வாசலில் கேன்டீன்காரர்கள் மூவரும் நின்றுகொண்டிருந்தார்கள். ஒருவன் வீடியோ எடுத்துக்கொண்டிருந்தான். நாற்பது பேர் முன்னால், பால் பொங்க வேண்டிய வீட்டுக்குப் பால் பொங்கவே விடாத அடுப்பைத் தேடிப் பிடித்து வாங்கிய அறிவாளி நான்தான் என்று எப்படிச் சொல்வது?

"இன்னொரு வாட்டி வைக்கலாம்" என்றேன்.

இரண்டாவது முறையும் ஏறியது. மேளம் அடித்தது. டிக். இறங்கியது. கூட்டத்தில் ஒரு சலசலப்பு. அக்கா பாலைப் பார்க்கவில்லை. தன் வலது கையைத் திருப்பி உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

நான் பால்கனிக்கு ஓடி, ரகசியமாகப் போனை எடுத்து, ஆப்பைத் திறந்து காவலை எடுத்துவிடப் பார்த்தேன். ‘சாதனம் இணைப்பில் இல்லை.’ நான் அதைப் பூட்டியது வாடகை வீட்டு வைஃபையில். அந்த வைஃபை இங்கிருந்து நான்கு கிலோமீட்டர் தள்ளி, காலியான ஒரு ஹாலில் தனியாக மின்னிக்கொண்டிருந்தது. யாரும் தெரியாமல் மாற்றிவிடக் கூடாது என்று பூட்டினேனே, அந்த ‘யாரும்’ நான்தான் என்று ஆகிவிட்டது. கஸ்டமர் கேருக்கு அடித்தேன். எங்கள் அலுவல் நேரம் காலை ஒன்பது முதல் என்று ஒரு பெண் குரல் அன்பாகச் சொன்னது.

திரும்பி உள்ளே வந்தபோது மூன்றாவது முறை நடந்துகொண்டிருந்தது. நான் சொல்லாமலே ஸ்பீக்கர் மேளத்தைத் தொடங்கிவிட்டது. (யாரோ குழந்தை ‘கெட்டிமேளம்’ என்று சொல்லியிருக்கிறது.) டிக். பீப், பீப், பீப்.

பெரியம்மா நாற்காலியில் இருந்தபடியே, "தனம், நீ கொஞ்சம் தள்ளி நில்லேன்டி. பரிமளா வைக்கட்டும்" என்றாள்.

அக்கா ஒரு அடி பின்னால் நகர்ந்தாள். வலது கையை முந்தானைக்குள் மறைத்துக்கொண்டாள். காலர் தைத்துத் தைத்து ஆள்காட்டி விரல் நுனி காய்த்துப்போன கை. சின்ன வயதில் என்னைப் பள்ளிக்கூடத்துக்கு இழுத்துக்கொண்டு ஓடிய கை. அதை அவள் திருட்டுச் சாமானை ஒளிப்பது மாதிரி ஒளித்துக்கொண்டாள்.

அப்போதுதான் எனக்கு வாய் திறந்தது. "அக்கா, உன் கை இல்ல. அடுப்பு. பால் பொங்காம இருக்கறதுக்குன்னே செஞ்ச அடுப்பு இது. நான்தான் கொண்டாந்து வச்சேன்."

சொல்லிவிட்டேன். பாரம் இறங்கிவிடும் என்று நினைத்தேன். யாரும் நம்பவில்லை.

நம்பாததற்கு அவர்களைக் குறை சொல்ல முடியாது. இந்த அடுப்பில் எதுவும் தப்பாகப் போகாது என்று வந்தவர் அத்தனை பேரிடமும் மூன்று மாதமாக உரை நிகழ்த்தியவன் நான். பெரியம்மா பக்கத்திலிருந்தவளிடம் திரும்பி, "பாவம், அக்காவுக்காக மெஷின் மேல பழியைப் போடறான்" என்றாள். அதைக் கேட்டு இரண்டு பேர் என்னை மெச்சிக்கொண்டார்கள். கேன்டீன்காரனே என் தோளைத் தட்டிக்கொடுத்தான். வாழ்க்கையில் நான் உண்மையைச் சொல்லி வாங்கிய ஒரே பாராட்டு அது.

பரிமளா வைத்துப் பார்த்தாள். அவளுக்கும் டிக். சரி, இப்போதாவது புரிந்திருக்கும் என்று பெரியம்மாவைப் பார்த்தேன். "மொதல்ல பட்ட கை எது?" என்றாள் அவள். இதற்குமேல் எந்த நிரூபணமும் உலகத்தில் இல்லை.

மணி ஏழு. நல்ல நேரம் முடியக் கால் மணி நேரம்தான் பாக்கி. ஐயர், "ஏழரை வரைக்கும் சமாளிக்கலாம், அதுக்கு மேல என்னால ஆகாது" என்றார். இரண்டு பட்டனைப் பத்து வினாடி சேர்த்து அழுத்தினால் எல்லாம் அழிந்து புதுசாகிவிடும் என்று எங்கோ படித்த ஞாபகம் வந்தது. அழுத்தினேன். அழிந்தது. மறுபடி பாலை வைத்தோம். டிக். காவல் என்பது நான் போட்டதே இல்லையாம், கம்பெனியே போட்டு அனுப்புவதாம். என் பூட்டு அதன்மேல் ஒரு அலங்காரம். சந்தனத்தைக் குழைத்து அதன் கண்ணில் அப்பினேன், எதைப் பரிமளாவை வைக்க விடாமல் தடுத்தேனோ அதே சந்தனத்தை. ‘கண் மறைக்கப்பட்டுள்ளது’ என்று எழுதிவிட்டு அடுப்பு மொத்தமாக அணைந்துபோனது. அதன் பிறகு எதை அழுத்தியும் அது எழுந்திருக்கவில்லை. ஐயர் தன் பையில் மணியை வைத்து ஜிப்பை இழுத்தார். அந்த ஜிப் சத்தத்தை என்னால் மறக்க முடியவில்லை. அக்கா அதற்குள் செருப்பு இருந்த இடத்துக்குப் போய்விட்டாள்.

தண்ணீர் கேன் கொண்டு வந்து இறக்கிக்கொண்டிருந்த செல்விதான் அவளை வாசலில் மறித்தது.

"இன்னாக்கா, பொங்கலியா இன்னும்? கீழ எங்க அடுப்பு சும்மாதான் கீது. தூக்கினு வரவா?"

லிஃப்டுக்கு இன்னும் அனுமதி வரவில்லை. மூன்று மாடி. செல்வி அந்தச் சின்னச் சிலிண்டரைக் குடம் மாதிரி இடுப்பில் வைத்துக்கொண்டு ஏறினாள். பின்னால் நான், பட்டு வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, எண்ணெய்ப் பிசுக்கு ஏறிய ஒற்றை அடுப்பை நெஞ்சோடு அணைத்தபடி ஏறினேன். இரண்டாவது மாடித் திருப்பத்தில் மூச்சு வாங்க நின்றபோது, இந்த வீட்டுக்கு நான் வாங்கிய சாமான்களிலேயே என் நெஞ்சுக்கு நெருக்கமாக வந்தது இந்த இரவல் அடுப்புதான் என்று தோன்றியது.

ஸ்மார்ட் அடுப்பைக் கீழே இறக்கி, அந்த இடத்தில் இதை வைத்தோம். செல்வி குழாயைச் சொருகி, தீக்குச்சி கிழித்தாள். நீலமாகப் பிடித்துக்கொண்டது. என்னைத் திரும்பிப் பார்த்து, "இதான் சார் நெருப்பு" என்றாள். கேலியாகச் சொல்லவில்லை. நான் பார்த்ததில்லையோ என்று உண்மையிலேயே சந்தேகப்பட்டிருக்கிறாள்.

இனி அக்கா வர வேண்டும். அவள் வர மாட்டேன் என்றாள். "நீயே வையேன்மா. உன் அடுப்பு. நல்லா பொங்கும்."

"நான் தினிக்கும்தான் பொங்க வுடறேன். இது உன் தம்பி ஊடு. நீ வா."

"என் கை சரியில்லம்மா."

செல்விக்கு எங்கள் குடும்பக் கதை எதுவும் தெரியாது. அவளுக்கு அது விளங்கவும் இல்லை. அக்காவின் கையை முந்தானையில் இருந்து வெளியே எடுத்து, முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தாள்.

"நல்லாத்தான் கீது. பாலு இன்னா கையப் பாத்தா பொங்குது? நெருப்பப் பாத்துப் பொங்குது. வாக்கா, அய்யரு கெளம்பினு கீறாரு."

பித்தளைப் பானையை அக்காவே அடுப்பில் வைத்தாள். புதுப் பாக்கெட் பாலை ஊற்றினாள். கொஞ்சம் மேடையில் சிந்தியது. பெரியம்மாகூட எழுந்து நின்றுவிட்டாள். எனக்குள் ஒரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது: இந்தப் பாலும் பழசாக இருந்தால்? இது திரிந்தால்? அடுப்பைக் கைகாட்ட இனி முடியாது. இவள் இந்தப் பிறவியில் இன்னொரு வாசல் ஏற மாட்டாள். நெருப்பு அடுப்பில் ஒரு லிட்டர் பால் காய இவ்வளவு நேரம் ஆகும் என்று எனக்கு அதற்கு முன் தெரியாது. பதினான்கு வருடம் பார்த்துக்கொள்ளச் சொன்ன பாலை முதல் முறையாகப் பார்த்தேன்.

ஏறியது. கழுத்துவரை வந்தது. மஞ்சள் கொத்தைத் தொட்டது. பழக்கதோஷத்தில் எல்லாரும் அந்த ‘டிக்’குக்காகக் காத்திருந்தோம். டிக் வரவில்லை. பால் விளிம்பில் ஒரு கணம் குவிந்து நின்று, கிழக்குப் பக்கமாக வழிந்து, நெருப்பில் விழுந்து ‘ஸ்ஸ்ஸ்’ என்றது.

மூன்று முறை வீணாக அடித்த மேளத்தை இப்போது போட வேண்டியவன் நான். நான் பாலையே பார்த்துக்கொண்டு நின்றேன். "எங்கடா மேளம்?" என்று பெரியம்மா அதட்டினாள். பிறகு அவளே கையைத் தட்டத் தொடங்கினாள். ஐயர் ஜிப்பை மறுபடி திறந்து மணியை எடுத்தார். "ஏழு இருபத்தாறு" என்றார், மந்திரத்துக்கு நடுவில்.

அக்கா அழவும் இல்லை, சிரிக்கவும் இல்லை. அடுப்பைக் குறைக்கச் சொல்லி நான்கு பேர் சொல்லியும் குறைக்காமல், அரை லிட்டர் வழிகிறவரை பார்த்துக்கொண்டே நின்றாள்.

இங்கே கதையை முடித்தால் நன்றாக இருக்கும். ஆனால் பந்தி முடிந்து, பின்பக்கம் அவள் பித்தளைப் பானையைத் தேய்த்துக்கொண்டிருந்தபோது நான் போய் நின்றேன். தலையைத் தூக்காமல் கேட்டாள்.

"மொத வாட்டியே தெரியும் இல்ல உனக்கு?"

"தெரியும்."

"மூணு வாட்டி வரைக்கும் ஏன்டா சொல்லல?"

கேன்டீன்காரர்கள் இருந்தார்கள் என்று சொல்லவா? வீடியோ எடுத்தார்கள் என்று சொல்லவா? நான் நின்றேன். அவள் தேய்த்து முடித்தாள். மெஷின் அன்று ஒரு பொய்கூடச் சொல்லவில்லை. பாலைப் பொங்க விட மாட்டேன் என்றது, விடவில்லை. பக்கத்தில் நின்றவன்தான்.

அந்தக் கேள்வி இப்போது எங்கள் குடும்பத்தின் சொத்து. பின்பக்கம் யாரோ கேட்டிருக்கிறார்கள். நான் எதைப் பற்றி அறிவுரை சொல்ல வாயைத் திறந்தாலும், மிக்ஸியோ மோட்டாரோ மழையோ எதுவானாலும், "இரு, இன்னும் மூணு வாட்டி ஆகல" என்கிறார்கள். கேன்டீனிலும் அது பரவிவிட்டது. உறவில் யார் வீடு கட்டினாலும் எனக்கு வரும் பத்திரிகையில் மட்டும் அடியில் பேனாவால் ஒரு வரி சேர்த்து எழுதியிருக்கிறார்கள்: ‘அடுப்பு நாங்களே ஏற்பாடு செய்துவிட்டோம்.’

எங்கள் வீட்டுக்குக் கேஸ் வந்துவிட்டது. பால் வாரத்துக்கு மூன்று முறை பொங்கி வழிகிறது. பரிமளா கவலைப்படுவதில்லை. "பொங்கட்டும். அன்னிக்கு பாக்கி வச்சது" என்கிறாள். துடைப்பது நான்.

அந்த அடுப்பைக் கண்ணில் சந்தனத்தோடு பரணில் போட்டிருந்தேன். இரண்டு வாரம் கழித்து அக்கா வந்து, "அந்த அடுப்பைக் குடு" என்று கேட்டாள். "காலைல ஆறு நாப்பதுக்கு கம்பெனி வண்டி. பாலை வச்சுட்டு குளிக்கப் போக முடியல. அது பொங்க வுடாது இல்ல?" என்றாள். பஞ்சைத் தண்ணீரில் நனைத்து, அதன் கண்ணை அவளே துடைத்து, பிளக்கைச் சொருகினாள். மறு நொடி அது எழுந்துகொண்டது. இன்று அவள் வீட்டில் அது தினமும் வேலை செய்கிறது. நான் எழுதிவைத்த நோட்டுக்கு உண்மையான உரிமைக்காரி அவளாகத்தான் இருந்திருக்கிறாள். எரிச்சலைக் கணக்கெடுத்தபோது நான் கள்ளிக்குப்பம் வரை நடக்கவில்லை.

போன மாதம் பெரியம்மா பேரனுக்கு ஆவடியில் புது வீடு. பால் காய்ச்ச அக்காவைத்தான் கூப்பிட வேண்டும் என்று பெரியம்மாவே கள்ளிக்குப்பத்துக்கு நேரில் போய்த் தாம்பூலம் வைத்திருக்கிறாள். "பொங்காத அடுப்பு இருந்த வூட்லயே பொங்க வச்சவ" என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறாளாம், ‘அவ கை அப்படி’ என்று சொன்ன அதே வாயால். என்னை அவர்கள் சமையலறைக்குள் விடவில்லை. போனை வாங்கி வைத்துக்கொண்டு, செருப்புகள் பக்கத்தில் ஒரு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள்.

உள்ளே கைதட்டல் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அக்கா கையில் ஒரு டம்ளர் பாலோடு வெளியே வந்தாள். முந்தானை தோளில் இருந்தது, கை வெளியே இருந்தது. டம்ளரை என்னிடம் நீட்டினாள்.

"எத்தனை வாட்டிக்கா?" என்று கேட்டேன்.

"ஒரு வாட்டிதான்" என்றாள். "நீதான் உள்ள இல்லியே."